கால்நடையாக – 14: குத்தகைக்கு ஓர் ஐரோப்பிய நகரம்

போன வாரம் மதுரையின் மாசி வீதிகளைச் சுற்றி முடித்தோம். அதைப் படித்த வாசகர் ஒருவருக்கு ஒரு குறை. ஐரோப்பாவின் பழைய நகரங்களில் வழிகாட்டி யாரும் இல்லாமல், கையில் ஒரு வரைபடத்தோடு அவரவர் பாட்டுக்கு நடந்து பார்க்கிறார்களாமே, அப்படி ஒரு நடை இந்தத் தொடரில் வராதா என்று கேட்டிருக்கிறார். நியாயமான ஆசைதான். ஜெர்மனியின் ஹானோவர் நகரில் நடைபாதை மேலேயே சிவப்புக் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் 4.2 கிலோமீட்டரில் 36 இடங்களைப் பார்த்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். ஆனால் அதற்கு விசா வேண்டும், விமானத்துக்குக் காசு வேண்டும், குளிருக்கு ஒரு கோட்டாவது வேண்டும். மயிலாடுதுறையில் பஸ் ஏறினாலே போய்ச் சேர்ந்துவிடுகிற தூரத்தில் ஓர் ஐரோப்பிய நகரம் இருக்கிறது. பெயர் தரங்கம்பாடி.

இந்த முறை நான் தனியாகப் போகவில்லை. கம்பம் பள்ளத்தாக்கு ஓடைப்பட்டியிலிருந்து என் தாய்மாமாவும் வந்தார். அதற்கு ஒரு பழைய பாக்கி காரணம். மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு நாங்கள் ஒரு வேன் நிறைய திருக்கடையூர் போயிருந்தோம். கலசத் தண்ணீர் ஊற்றி, மாலை மாற்றி, பந்தியும் முடிந்தபிறகு, "பக்கத்துல வெள்ளக்காரன் கோட்ட இருக்காம்ல, ஒரு எட்டு பாத்துட்டுப் போவமா?" என்று கேட்டார். இருட்டுவதற்குள் திருச்சியைத் தாண்ட வேண்டும் என்றார் டிரைவர். ஏழெட்டு கிலோமீட்டர்தான், ஆனாலும் வேன் மேற்கே திரும்பிவிட்டது. திருக்கடையூர் வரும் பலரும் இப்படித்தான் திரும்புகிறார்கள். மாமா அதை மறக்கவே இல்லை. இந்த வருடம் திராட்சைப் பந்தலில் பழவெட்டு முடிந்ததும் போன் செய்தார். "மாப்ள, கவாத்துக்கு இன்னும் நாள் கெடக்கு. அந்தக் கோட்டயப் பாத்துட்டு வந்துருவமா?"

மாமாவுக்கு இரண்டு ஏக்கரில் விதையில்லாத் திராட்சை. வரலாற்றுப் புத்தகம் எதையும் அவர் புரட்டியதில்லை. நிலம், தண்ணீர், சுண்ணாம்பு, குத்தகை என்றால் கரைத்துக் குடித்தவர். வழிகாட்டி இல்லாத நடைக்கு இப்படி ஒரு துணை வாய்ப்பது அதிர்ஷ்டம் என்பதை அன்று காலையில்தான் தெரிந்துகொண்டேன்.

* * *

விடிந்தும் விடியாமலும் நகர வாசலில் நின்றோம். கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து ஊருக்குள் திரும்பினால் முதலில் எதிர்ப்படுவது இந்த வாசல்தான். வெள்ளையடித்த வளைவு, மேலே டென்மார்க் அரச முத்திரை. 1792-ல், பீட்டர் ஆங்கர் என்ற கவர்னர் காலத்தில் கட்டியது. வாசல் இருக்கிறது, அதன் இரண்டு பக்கமும் நீண்டு நகரத்தையே வளைத்திருந்த மதில் போய்விட்டது. மாமா வாசலுக்குள் நுழையாமல் பக்கவாட்டில் சுற்றிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "சுவரு இல்லாம கதவு மட்டும் வச்சிருக்காங்ய" என்றார்.

மதிலின் கதையைச் சொன்னேன். டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் காலத்தில், 1616-ல், டேனிஷ் கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியது. ஓவே கெட்டே என்ற இளம் தளபதியின் தலைமையில் கப்பல்கள் கிளம்பி, இலங்கையில் எதுவும் கைகூடாமல் சோழமண்டலக் கரைக்கு வந்தன. 1620 நவம்பரில் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம். நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்க ஏட்டில் பொறித்து அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. இந்த மீனவ ஊரையும் சுற்றியிருந்த நிலத்தையும் டேனிஷ்காரர்கள் வைத்துக்கொள்ளலாம், கோட்டை கட்டிக்கொள்ளலாம், வருடத்துக்கு 3,111 ரூபாய் கட்ட வேண்டும்.

மாமா நின்றுவிட்டார். "அப்ப இது கிரயம் இல்ல. குத்தக."

"ஆமா மாமா, குத்தகதான்."

"குத்தகைக்கு எடுத்த எடத்துல கோட்ட கட்டியிருக்கான்!" அவர் முகத்தில் கோபம் இல்லை, கைதேர்ந்த ஆளைப் பார்க்கும் வியப்புதான் இருந்தது.

கம்பெனி அப்படி ஒன்றும் கொழிக்கவில்லை. ஐரோப்பாவில் டென்மார்க் போரில் மாட்டிக்கொள்ள, தரங்கம்பாடியைக் கவனிக்க ஆள் இல்லை. ஏறக்குறைய முப்பது வருடம் தாயகத்திலிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. இங்கிருந்த டேனிஷ்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்தார்கள், ஓடிப்போனார்கள். கடைசியில் மிஞ்சியவர் எஸ்கில் கோங்ஸ்பாக்கெ என்ற ஒரே ஒரு ஆள். படிப்போ பெரிய குடும்பப் பின்னணியோ இல்லாதவர். அவரும் உள்ளூர்க்காரர்களும்தான் கோட்டையைக் காத்தார்கள். வங்கக் கடலில் போன கப்பல்களைப் பிடித்து, அந்தக் காசில் செலவைச் சமாளித்தார்கள். தஞ்சாவூர்ப் படை முற்றுகையிட்டபோது ஊரைச் சுற்றி மதில் எழுப்பியதும் அவர்தான். 1669-ல் 'ஃபேரோ' என்ற கப்பல் வந்து சேர்ந்தபோது, கொடிக்கம்பத்தில் டென்மார்க் கொடி அப்படியே பறந்துகொண்டிருந்தது.

"கூலிக்கு வச்ச காவக்காரன்தான் கடைசில தோட்டத்தக் காப்பாத்துனது" என்று சொல்லிவிட்டு மாமா வாசலுக்குள் நுழைந்தார்.

* * *

வாசலிலிருந்து கடல் வரை நேராக ஓடுகிறது ராஜா வீதி. டேனிஷ் மொழியிலும் அரசன் தெரு என்றுதான் பெயர். பக்கத்தில் ராணி வீதி. தங்க ஆசாரிகள் பெயரில் இன்னொரு தெரு. சும்மா நடந்தால் பத்தே நிமிடத்தில் கடல் வந்துவிடும். அவசரப்படாதீர்கள். இந்த வீதிக்கு ஒரு காலைப்பொழுதைக் கொடுக்கலாம். ஹானோவரின் சிவப்புக் கோடு இங்கே கிடையாது. தெரு வளையாத வரைக்கும் வழி தவறாது.

வீதியில் இரண்டு தேவாலயங்கள் உண்டு. சீயோன் ஆலயம் 1701-ல் டேனிஷ்காரர்கள் தங்களுக்காகக் கட்டிக்கொண்டது. இந்தியாவின் மிகப் பழைய புராட்டஸ்டன்ட் ஆலயங்களில் ஒன்று. புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் கட்டியது. அது தமிழர்களுக்காக. முகப்பில் அரசர் நான்காம் ஃபிரெடரிக்கின் பெயரெழுத்தும் கிரீடமும் இருக்கின்றன. உள்ளே பலிபீடத்துக்கு அருகே அடக்கமாகியிருப்பவர் பர்த்தலோமேயு சீகன்பால்க்.

1706 ஜூலை 9-ம் தேதி, அரசர் அனுப்பி, ஹைன்ரிச் புளூட்சாவ் என்ற தோழரோடு இங்கே வந்திறங்கிய ஜெர்மானியர் அவர். இளம் வயது. இங்கிருந்த ஐரோப்பியர்கள் போர்த்துக்கீசிய மொழியில் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தபோது, அவர் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் 'அ' எழுதினார். தன்னை அனுப்பிய அரசரின் ஆட்களே அவருக்குத் தொல்லை கொடுத்தார்கள். கோட்டைத் தளபதி ஹாசியஸ் அவரை நான்கு மாதம் சிறையில் வைத்தார். வெளியே வந்தவர் தமிழ் ஏடுகளைச் சேர்த்தார், பட்டியலிட்டார், அச்சுக்கூடம் வைத்தார்.

தமிழ் இதற்கு முன்பே, 1578-ல், கொல்லத்தில் அச்சேறியிருக்கிறது. ஆனாலும் தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் ஒரு விஷயத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிது பெரிதாக இருந்தன. ஒரு பக்கத்தில் நாலு வரி ஓடினால் பக்கம் முடிந்துவிடும்; காகிதமோ ஐரோப்பாவிலிருந்து வர வேண்டும். வேதாகமம் முழுவதையும் இந்த எழுத்தில் அச்சடித்தால் காகிதத்துக்கு எங்கே போவது? எழுத்தைச் சிறிதாக்குவதுதான் வழி. அதற்கு ஈயம் வேண்டும். இங்கிலாந்திலிருந்து சீஸ் வந்த பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கி, இங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். அந்தச் சின்ன எழுத்தில் 1715-ல் புதிய ஏற்பாடு தமிழில் முழுமையாக வந்தது. காகிதத்துக்கும் பக்கத்துப் பொறையாறில் ஆலை வைத்தார்கள். அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றே பெயர்.

சீகன்பால்க் 1719-ல் இறந்தபோது வயது 36. கல்லறைக்கு முன்னால் மாமா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். "நம்ம ஊர்ல பழம் வந்த அட்டப்பெட்டியத் தூக்கி எறியிறோம். இந்தாளு தகர மூடிய வச்சுப் புத்தகம் போட்டிருக்கான்" என்று மெதுவாகச் சொன்னார். 225 வருடம் டேனிஷ்காரர்கள் இங்கே ஆண்டிருக்கிறார்கள். தெருவில் போகிற யாரும் இன்று ஒரு டேனிஷ் சொல்லும் பேசவில்லை. அவர்கள் காலத்தில் அச்சில் நிமிர்ந்தது தமிழ்தான்.

* * *

வீதி முடிகிற இடத்தில் ஒரு பெரிய வெளி. கடல் காற்று முகத்தில் அடிக்கிறது. ஒரு பக்கம் 1784-ல் கட்டிய கவர்னர் பங்களா. ஆங்கிலேயர் காலத்துக் கலெக்டர் பங்களா இப்போது ஹோட்டல். தெற்கே டான்ஸ்போர்க் கோட்டை. "இதுதான் மாமா கவாத்து மைதானம்" என்றேன்.

மாமா சுற்றிலும் பார்த்தார். "இங்க எதக் கவாத்து பண்ணாங்ய? ஒரு கொடியக் காணமே!"

பரேடு என்பதற்கும் தமிழில் கவாத்து என்று பெயர் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவனுக்குக் கவாத்து என்றால் கத்தரியும் கொடியும்தான். சிப்பாய்கள் துப்பாக்கியோடு வரிசையில் நடந்த இடம் என்று விளக்கினேன். "ரெண்டும் ஒண்ணுதான் மாப்ள. நீட்டிக்கிட்டு இருக்கிறத வெட்டி வரிசைக்குக் கொண்டாரணும்" என்றார்.

கோட்டை பத்து மணிக்குத்தான் திறக்கும். அதுவரை பஸ் நிறுத்தத்துப் பக்கம் போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்தோம். 1620-ல் தொடங்கிய இந்தக் கோட்டை, டேனிஷ்காரர்கள் கட்டியவற்றில் க்ரோன்போர்க்குக்கு அடுத்த பெரிய கோட்டை என்பார்கள். க்ரோன்போர்க் என்பது ஷேக்ஸ்பியர் தன் ஹாம்லெட்டை உலவவிட்ட எல்சினோர் கோட்டை. அந்தக் கோட்டையின் தம்பி நம் வங்கக் கரையில் நிற்கிறது. இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது.

கீழ்த்தளத்தில் வளைவுக் கூரை போட்ட அறைகள் வரிசையாக இருக்கின்றன. சமையலறை, கிடங்கு, சிறை. மதுவை வைத்திருந்த அறையும் உண்டு. அங்கே மாமாவின் நடை நின்றது. கூரையைத் தட்டிப் பார்த்தார். சுவரில் உள்ளங்கையை வைத்தார். "வெளிய வெயிலு கொளுத்துது. இங்க பாரு, குளுகுளுன்னு கெடக்கு. நமக்கு இப்பிடி ஒரு ரூமு இருந்தா வெல எறங்குற அன்னிக்குப் பழத்தக் கொண்டாந்து வச்சுக்கலாம்."

மது அறையில் பழப் பேச்சு வந்ததும் எனக்கும் ஒன்று ஞாபகம் வந்தது. கம்பத்துப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த ரகத்தின் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்தின் பெயர் எங்கள் பள்ளத்தாக்கில் பந்தல் போட்டுக் காய்க்கிறது. "அவுங்ய பேரு நம்ம தோட்டத்துல இருக்கு, நம்ம எழுத்து அவுங்ய அச்சுல இருக்கு" என்று மாமா கணக்கை முடித்தார்.

சிறையைக் கடந்து மாடிக்கு ஏறினால், உடைந்த பீங்கான், பழைய வரைபடங்கள், பீரங்கிக் குண்டுகள். ஜன்னல் வழியே கடல். கடலுக்கும் கோட்டைக்கும் நடுவே இருக்கும் மணலைப் பார்த்துக்கொண்டே மாமா கேட்டார்: "அப்புறம் ஏன் போனாங்ய?"

வியாபாரம் படுத்துவிட்டது. நெப்போலியன் போர்க் காலத்தில் ஆங்கிலேயர் இரண்டு முறை ஊரைப் பிடித்துவைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். கடைசியில் 1845-ல், வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்து, 12.5 லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றுவிட்டுக் கிளம்பினார்கள்.

"வித்தாங்யளா?" மாமாவின் குரல் ஏறியது. பக்கத்தில் நின்ற ஒரு குடும்பம் திரும்பிப் பார்த்தது. "குத்தகைக்காரன் எப்பிடிடா கிரயம் எழுதுவான்?"

இந்த ஊரைப் பற்றி நான் படித்த எதிலும் இந்தக் கேள்வி இல்லை. விற்பனையைத் தேதியோடும் தொகையோடும் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். நிலம் தஞ்சாவூருடையது. தஞ்சாவூர் அரசோ 1799-லேயே ஆங்கிலக் கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. அப்படியானால் குத்தகைக்காரன், நிலத்துக்காரனின் வாரிசு என்று வந்து நின்றவனிடமே நிலத்தை விற்றிருக்கிறான். வாங்கியவன், விற்றவன் இரண்டு பேருமே வெளியூர். பத்திரத்தில் உள்ளூர்க்காரனுக்குச் சாட்சிக் கையெழுத்து போடக்கூட இடம் இல்லை.

* * *

கோட்டையிலிருந்து வடக்கே கரையோரமாக நடந்தால் மாசிலாமணி நாதர் கோயில். நடையின் கடைசி நிறுத்தம் இதுவாக இருக்கட்டும் என்று முதலிலேயே எண்ணி வைத்திருந்தேன். தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் அதிகம், ஆரோக்கியத்துக்கு நல்லது என்று இந்தக் கரையில் யாராவது உங்களிடமும் சொல்வார்கள். தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருந்தால்தான் ஓசோன் நமக்குக் குடை. மூக்கருகே மிகுந்தால் நுரையீரலுக்குக் கேடு. நல்ல காற்று என்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

1306-ல் கட்டிய கோயில். டேனிஷ்காரர்கள் வருவதற்கு 314 வருடம் முந்தியது. பழைய கோயிலின் முன்பக்கத்தைக் கடல் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. கருங்கல் தடுப்புக்குப் பின்னால், புதுப்பித்த கோயில் நிற்கிறது. கட்டியவர் மாறவர்மன் குலசேகர பாண்டியன் என்று சொன்னதும் மாமா நிமிர்ந்தார். "பாண்டியனா? நம்ம மதுரக்காரனா?"

அந்தக் காலக் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. பாண்டியன் பெயரால் குலசேகரன்பட்டினம் என்றும் வழங்கியிருக்கிறது. 'பட்டினம்' என்றால் துறைமுகம். டேனிஷ்காரர்கள் வெறும் மணலில் வந்து நகரத்தை உண்டாக்கவில்லை. நடந்துகொண்டிருந்த ஒரு துறையைத்தான் குத்தகைக்கு எடுத்தார்கள். வழியில் பார்த்த ஆண்டுகளை அடுக்கினால் 1792, 1784, 1718, 1701, 1620, 1306 என்று காலம் பின்னோக்கிப் போய்க் கடைசியில் ஒரு பாண்டியனிடம் முடிகிறது. ஐரோப்பிய நகரத்தைப் பார்க்கக் கிளம்பிய மாமா தன் ஊர் ராஜா கட்டிய கோயிலில் திருநீறு பூசிக்கொண்டு நின்றார்.

* * *

திரும்பும்போது தங்க ஆசாரித் தெரு வழியாக வந்தோம். பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு இந்தத் தெருவில் பழைய வீடுகள் சிலவற்றை ஓடும் மரத்தூணும் திண்ணையுமாகப் பழையபடி எடுத்துக் கட்டியிருக்கிறது. கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் ஊரில் பூட்டிய வீடுகளும் கண்ணில் படாமல் இல்லை. இந்த ஊரை வெட்டியவர்கள் ஒருவர் இருவர் அல்ல. ஆங்கிலேயர் கைக்கு வந்தபின் தஞ்சை ஜில்லாவின் தலைமையிடமாக இருந்தது. 1860-ல் அதுவும் தஞ்சாவூருக்குப் போய்விட்டது. நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் கப்பல் வியாபாரம் அங்கே போனது. இந்த ஊருக்கு ரயில் வந்தது 1926-ல், 1986-ல் நின்றது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி.

ஒரு வீட்டின் புதுத் தூணைத் தடவிப் பார்த்துவிட்டு, பூட்டிக் கிடந்த பக்கத்துக் கதவை மாமா கைகாட்டினார். "கவாத்து நல்லாத்தான் பண்ணியிருக்காங்ய மாப்ள. கவாத்து பண்ணா மட்டும் துளுத்துருமா? தண்ணி விடணும்ல?" தண்ணீர் என்று அவர் சொன்னது எதை என்று நான் கேட்கவில்லை. வேலை, கடை, பிள்ளைகள் சத்தம் என்று எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

நீங்கள் போவதாக இருந்தால் மயிலாடுதுறை வரை ரயில், அங்கிருந்து பஸ். விடியற்காலையில் நகர வாசலில் தொடங்குங்கள். வெயில் ஏறினால் மணலில் கால் வைக்க முடியாது. வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை, பார்த்துக் கிளம்புங்கள். தேவாலயங்கள் வழிபாட்டு இடங்கள் என்பதால் ஞாயிறு காலையில் படம் எடுக்கப் போகாதீர்கள். முடிந்தால் வரலாறு படிக்காத ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போங்கள்.

மயிலாடுதுறை பஸ்ஸில் ஜன்னல் சீட்டு மாமாவுக்கு. திருக்கடையூர் தாண்டும்வரை பேசவில்லை. பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து டிக்கெட்டின் பின்பக்கத்தில் ஏதோ எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். 3,111-ஐ 225-ஆல் பெருக்கியிருந்தார். 6,99,975. ஒரு வருடமும் பாக்கி வைக்காமல் ஒப்பந்தப்படியே கட்டியிருந்தாலும் ஏழு லட்சத்துக்கு 25 ரூபாய் குறைவு. அதை 12,50,000-லிருந்து கழித்திருந்தார். செராம்பூர் விலையும் அதில் சேர்த்தி என்று ஞாபகப்படுத்தினேன். தலையாட்டினார்; ஆனால் அடித்து எழுதவில்லை. 5,50,025-க்குக் கீழே கோடு போட்டு டிக்கெட்டை என்னிடம் நீட்டினார்.

"இதுல அந்த மீன்காரவுகளுக்கு எம்புட்டு வந்துச்சு?"

அதே நேரம் கண்டக்டர் செக்கிங் என்று குரல் கொடுத்தார். டிக்கெட்டைத் திருப்பி, அச்சடித்த பக்கம் மேலே தெரியும்படி பிடித்துக்கொண்டேன்.

(நடை தொடரும்)